எலுமிச்சம்பழத்தைக் கழற்றிய விரல்

கண்ணு,

நேற்று மாடியில் நின்றுகொண்டு நீ போனில் பேசியது எனக்கு முழுவதும் கேட்டது. எனக்குக் காது மந்தம் என்று இந்த வீட்டில் எல்லோரும் சேர்ந்து முடிவு கட்டியிருக்கிறீர்கள். எனக்கும் அது வசதியாகத்தான் இருக்கிறது. "இல்ல அத்தை, கிரகப்பிரவேசத்துக்கு நீங்க எதுவும் செஞ்சு எடுத்துனு வர வேணாம். கேட்டரிங்குக்குச் சொல்லியாச்சு. சும்மா வந்தா போதும்" என்றாய். அந்தப் பக்கம் உன் மாமியார் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை, ஆனாலும் எனக்குத் தெரியும். "சரிங்க மாப்ள" என்றிருப்பார். பன்னிரண்டு வருஷமாகச் சாப்பாட்டுப் பேச்சு வந்தால் அந்த அம்மாள் உன்னிடம் சொல்வது அந்த இரண்டே வார்த்தைதான். அதைக் கேட்டுவிட்டு நேற்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். யாழினியின் பழைய நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களில் எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் என் பேத்தி திருத்தட்டும். விஷயத்தை யாரும் திருத்த வேண்டாம். இதை நீ மட்டும் படித்துவிட்டுச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொள்ளாதே. கவிதா, யாழினி, உன் அப்பா, பீர்க்கன்கரணையில் இருக்கிற உன் அத்தை, எல்லோரும் இருக்கும்போது சத்தமாகப் படி. வாயால் சொன்னால் நடுவில் என் சாமர்த்தியம் வந்து பேச்சைத் திருப்பிவிடும் என்று பயமாக இருக்கிறது. என்னை எனக்குத் தெரியும்.

முதலில் உனக்கு நன்றி சொல்லிவிடுகிறேன். கூடுவாஞ்சேரியில் வீடு கட்டும்போது எனக்கும் உன் அப்பாவுக்கும் கீழேயே அறை வைத்திருக்கிறாய். கழிவறைச் சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி வைக்கச் சொல்லி மேஸ்திரியிடம் நீ சண்டை போட்டதைப் பார்த்தேன். பெற்ற கடனுக்கு இவ்வளவு செய்ய வேண்டியதில்லை. ஆனால் அந்தப் புது வீட்டிலிருந்து உன் மாமியார் வீடு இரண்டு தெரு தள்ளி. சொந்த ஊரில், சொந்த மகள் வீட்டுப் பால் காய்ச்சும் நாளில், அந்த அம்மாள் கையை வீசிக்கொண்டு விருந்தாளி மாதிரி வர வேண்டுமா? அப்படி வர வைத்தவள் நான். நீ வெறும் வாய். வார்த்தை என்னுடையது.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் கவிதாவின் வளைகாப்பு. யாழினி வயிற்றில் ஒன்பதாம் மாதம். நம் வழக்கப்படி பெண் வீட்டார்தான் கலந்த சாதம் எல்லாம் கட்டிக்கொண்டு வர வேண்டும். அவர்கள் புளிசாதம், எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், சர்க்கரைப் பொங்கல் எல்லாம் கொண்டு வருவதாகச் சொன்னார்கள். தயிர்சாதம் மட்டும் என் கையால்தான் என்று நான் அடம் பிடித்தேன். எதற்கு என்று உனக்குத் தெரியாது. உன் நிச்சயதார்த்தத்தில் அவர்கள் வீட்டுத் தயிர்சாதம் புளித்திருந்தது. பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த உன் அத்தை, "இன்னா அண்ணி, உன் சம்பந்தி வூட்டு தயிர்சாதத்துல பல்லு கூசுது. பல்லு வெளக்கறதுக்குப் போட்டாங்களா?" என்று நாலு பேர் காது கேட்கச் சொன்னாள். சொன்னது என் நாத்தனார், ஆனால் கோபம் எனக்குச் சம்பந்தியம்மா மேல். நான் அப்படித்தான். யார் எந்தப் பந்தியில் எந்தப் பக்கம் உட்கார்ந்து என்ன சொன்னார்கள் என்று எனக்கு நேற்று நடந்த மாதிரி நினைவிருக்கும், மனதில் வைத்துக்கொண்டு எப்போது திருப்பிக் கொடுக்கலாம் என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். தயிர்சாதம் என்றால் என்ன என்று அவர்களுக்குக் காட்ட வேண்டும். அவ்வளவுதான் அன்றைக்கு என் வேண்டுதல்.

மத்தியானம் வரை புளிக்காமல் இருக்க நாம் ஒரு பக்குவம் வைத்திருக்கிறோம். குழைய வடித்த சாதத்தில் தயிரைக் கொட்டாமல், காய்ச்சிய பாலை நிறைய ஊற்றி, வெண்ணெய் போட்டு, பேருக்கு ஒரு கரண்டி தயிர் விட்டுப் பிசைய வேண்டும். பரிமாறும் நேரத்தில் பால் உறைந்து இனிப்புக்கும் புளிப்புக்கும் நடுவில் நிற்கும். காலை ஆறு மணிக்கே அண்டா நிறையப் பிசைந்து வைத்தேன். கரண்டியால் பிசைந்தால் மசியாது, கைதான். அந்தக் கையின் ஆள்காட்டி விரலில் எனக்கு நகச்சுத்து. நாலு நாளாகப் பழுத்து, எலுமிச்சம்பழத்தில் ஓட்டை போட்டு விரலில் மாட்டிக்கொண்டு திரிந்தேன். காலையில் அதைக் கழற்றி சமையல்கட்டு ஜன்னலில் வைத்தேன். கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினேன். பிறகு முழங்கை வரைக்கும் சூடான பால்சோற்றில் விட்டுப் பிசைந்தேன்.

இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். பிசையப் பிசைய விரலுக்கு ஒத்தடம் கொடுத்த மாதிரி இருந்தது. நாலு நாளாக விண்விண் என்று தெறித்த வலி, பிசைந்து முடித்தபோது அடங்கிப் போயிருந்தது. வீக்கமும் கொஞ்சம் வடிந்திருந்தது. "அப்பாடா" என்று இருந்தது எனக்கு. உள்ளே இருந்தது எங்கே போனது என்று அப்போது நான் யோசிக்கவில்லை. மாதுளை முத்து, கறுப்பு திராட்சை எல்லாம் தூவி, வாழை இலை போட்டு, மேலே தட்டு வைத்து, பாரத்துக்குக் குழவிக்கல்லும் வைத்து மூடினேன். ஒன்பது மணிக்கு வர வேண்டிய கூடுவாஞ்சேரி வேன் பெருங்களத்தூர் நெரிசலில் மாட்டிக்கொண்டு பதினொன்றரைக்கு வந்தது. வளையல் அடுக்கி, நலங்கு வைத்து, பந்தி போடும்போது மணி ஒன்று. சாமியானாவுக்குக் கீழே அந்தப் புழுக்கத்தில் ஏழு மணி நேரம் அந்த அண்டா வெதுவெதுப்பாக மூடியே இருந்தது. திறந்தபோது ஒரு கெட்ட வாடை இல்லை, ஒரு சொட்டுப் புளிப்பு இல்லை. "அக்கா, தயிர்சாதம் வெண்ணெ மாதிரி கீது" என்று பக்கத்து வீட்டு டீச்சர் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டாள். நான் சம்பந்தியம்மாவை ஒரு பார்வை பார்த்தேன். ஜெயித்துவிட்ட பார்வை.

மூன்றரை மணிக்குக் கவிதா முதல் வாந்தி எடுத்தாள். மசக்கை வாந்தி என்று சிரித்தார்கள். நாலு மணிக்குள் உன் அப்பா, டீச்சர், டீச்சர் மகள், இன்னும் எட்டு பேர். வாந்தி, வயிற்றைப் பிசைகிற வலி, அப்புறம் வயிற்றால் போனது. கவிதாவுக்கு ஆறு ஏழு தடவை ஆனதும் உதடு காய்ந்து கண் உள்ளே போய்விட்டது. ஆட்டோவில் என் தோள்மேல் சாய்ந்துகொண்டு, "அத்தை, குழந்தை அசையவே இல்ல அத்தை" என்றாள். அந்தக் குரல் இன்றைக்கும் எனக்கு நடு வயிற்றில் கேட்கும். தாம்பரம் ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஒரு கையில் டிரிப், வயிற்றைச் சுற்றிப் பட்டை கட்டி உள்ளே குழந்தையின் நெஞ்சுத் துடிப்பைக் கேட்கும் மெஷின். அது ஒரு தடவை ஓடி, ஒரு தடவை தடுமாறி, மறுபடி ஓடும். நாம் எல்லோரும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றோம்.

அங்கே இருந்த டாக்டரம்மாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளாமல் விட்டேன், அவளுக்கு என் நன்றி. வந்ததும் வராததுமாக, "சாப்பிட்டு எவ்ளோ நேரத்துல வாந்தி ஆரம்பிச்சுதும்மா?" என்று கேட்டாள். இரண்டரை மணி நேரம் என்றேன். என்ன சாப்பாடு என்றதற்கு, பால் விட்டு மூடி வைத்த தயிர்சாதம் வரை எல்லாச் சாதத்தையும் வரிசையாகச் சொன்னேன். அப்போது அவள் சொன்னதை நான் ஒரு சொல் விடாமல் வைத்திருக்கிறேன். உடம்புக்குள் போய்க் குடலில் ஒட்டிக்கொண்டு பெருகி வேலையைக் காட்டுகிற கிருமி என்றால் அரை நாள், ஒரு நாள், சமயத்தில் இரண்டு நாள்கூட ஆகுமாம். எனக்கு உடனே கோவளம் நினைவுக்கு வந்தது. நீ ஒன்பதாவது படிக்கும்போது கோவளத்துக் கடைசிப் பஸ் நிறுத்தத்தில் அரைவேக்காட்டு மீன் வறுவலைத் தின்றுவிட்டு, மறுநாள் சாயங்காலம்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாய், மூன்று நாள் எழுந்திருக்கவில்லை. அது அந்த வகை. "இது அப்படி இல்லம்மா. இவ்ளோ சீக்கிரம்னா, கிருமி சாப்பாட்டுலயே பெருகி விஷத்தைக் கக்கி வெச்சிருக்கு. அந்த விஷம் கொதிக்க வெச்சாலும் போகாது. பால், சாதம், வெதுவெதுப்பு, மூடி வெச்சது, இதெல்லாம் அதுக்கு விருந்து. நல்லா புளிச்சிருந்தா இவ்ளோ பெருகி இருக்காது" என்றாள். புளித்திருந்தால்! நிச்சயதார்த்தத்தில் பல்லைக் கூச வைத்த அந்தத் தயிர்சாதம் என் கண்முன்னால் வந்து நின்றது. பிறகு அவள் எங்கள் எல்லோரையும் பார்த்து, "சமைச்சவங்க யாருக்காவது கையில புண்ணு, கட்டி, நகச்சுத்து ஏதாவது இருந்துதா?" என்று கேட்டாள்.

என் வலது கை தானாக முந்தானைக்குள் போனது. "அதெல்லாம் இல்ல டாக்டர்" என்றேன். அதோடு நிறுத்தியிருந்தாலும் பாவம் பாதியாக இருந்திருக்கும். "கூடுவாஞ்சேரியிலேர்ந்து தேங்கா சாதம் எடுத்துனு வந்தாங்க. வேன் லேட்டு. தேங்கா ஊசிப் போயிருக்கும்" என்றேன். நீ திரும்பினாய். சுவரோரமாக நின்றிருந்த உன் மாமியாரிடம் வார்டே கேட்க, "இனிமே உங்க வூட்டுலேர்ந்து எங்க வூட்டுக்கு ஒரு பருக்கை வரக் கூடாது" என்றாய். அந்த அம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "சரிங்க மாப்ள" என்றார். அன்றைக்குத்தான் அந்த வார்த்தை பிறந்தது.

இப்போது கேள், என் நினைவு எனக்கே எப்படிக் கத்தியானது என்று. மறுநாள் கவிதா தெளிந்தாள், மெஷினில் யாழினியின் துடிப்பு ஒழுங்காக ஓட ஆரம்பித்தது. அதற்குப் பிறகு நான் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து பந்தியை மனதுக்குள் மறுபடி ஓட்டிப் பார்த்தேன். யார் இலையில் என்ன விழுந்தது என்று எனக்கு மறக்காதே. உன் அப்பா பல் வலி என்று தேங்காய் சாதத்தைத் தொடவில்லை, தயிர்சாதம் மட்டும் சாப்பிட்டார், படுத்தார். டீச்சர் மகளுக்கு மற்றதெல்லாம் காரம், தயிர்சாதம் மட்டும்தான், அதுவும் படுத்தது. கவிதா நாக்குக்குக் குளிர்ச்சி என்று இரண்டு தடவை வாங்கினாள். பீர்க்கன்கரணைக்காரி சளி பிடிக்கும் என்று தயிர்ப் பக்கமே வரமாட்டாள், தேங்காய் சாதத்தை அள்ளி அள்ளித் தின்றாள், சாயங்காலம் குத்துக்கல் மாதிரி ஆஸ்பத்திரிக்கு வந்து நின்று கதை கேட்டாள். நீ? தயிர்சாதத்தில் பழம் போட்டால் உனக்கு ஆகாது. தேங்காய் சாதத்தை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டாய். உனக்கு ஒரு ஏப்பம்கூட வரவில்லை. இவ்வளவு படித்தவன், அதை நீயே யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை, ஏனென்றால் சொன்னது அம்மா.

ஆகவே இது எனக்கு மறுநாளே தெரியும். பன்னிரண்டு வருஷமாகத் தெரியும். உன் மகள் பிறந்தபோது பிள்ளை பெற்றவளுக்கு அவள் அம்மா பூண்டுக் குழம்பு வைத்துத் தர முடியவில்லை. முதல் பிறந்தநாளுக்கு அந்த அம்மாள் பேக்கரி பிஸ்கட் பாக்கெட் வாங்கி வந்தார், பிரிக்காத பாக்கெட். இன்றுவரை அதே பாக்கெட்தான். நீ கவனித்திருக்கிறாயா? தேதி அச்சடித்திருக்கும் பக்கத்தை உன் பக்கம் திருப்பித்தான் மேசைமேல் வைப்பார். நான் ஒவ்வொரு தடவையும் கவனித்தேன். கவனித்துவிட்டு, 'வாயைத் திறக்காமல் இருக்கிறாளே, என்ன நெஞ்சழுத்தம்' என்று அதற்கும் அவர்மேலேயே கோபப்பட்டேன். நாம் ஒருவருக்குத் தீங்கு செய்துவிட்டால் அவர்களைப் பிடிக்காமல் போய்விடுகிறது கண்ணு. அவர்கள் முகத்தைப் பார்த்தாலே நம் வேலை நினைவுக்கு வருகிறது. இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, நானே பட்டுத் தெரிந்துகொண்டது.

போன மாதம் எனக்கு மறுபடி நகச்சுத்து வந்தது, அதே விரலில். எலுமிச்சம்பழத்தை மாட்டிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போயிருந்தீர்கள், உன் அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். சம்பந்தியம்மா யாழினிக்கு பிஸ்கட் எடுத்துக்கொண்டு வந்தார். என் கையைப் பார்த்தார்.

"இன்னா சம்பந்தி, மறுபடியும் அதே வெரலா?"

நான் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன். "மறுபடியும்னா? எனக்கு இதுக்கு முன்னாடி எப்ப வந்துச்சு?"

"வளைகாப்பன்னிக்கு. சமையக்கட்டு ஜன்னல்ல எலுமிச்சம்பழம் ஓட்டையோட குந்திகினு இருந்துச்சே. வர்றவங்க கண்ணுல பட்டா நல்லாருக்காதேன்னு நாந்தான் எடுத்து வெளிய போட்டேன். குங்குமம் குடுக்கசொல்ல உங்க வெரலையும் பார்த்தேன்."

"தெரிஞ்சிகினே வாயத் தொறக்கலியா? ஆஸ்பத்திரியில என் மூஞ்சில காறித் துப்பி இருக்கலாமே!"

"துப்பறதுக்குத் தெம்பு எங்க இருந்துச்சு? பொண்ணப் பெத்தவ கடைசி பந்தில தான துன்னணும். அண்டா அடில இருந்த தயிர்சாதத்த வழிச்சுத் துன்னவ நானு. ஆஸ்பத்திரி பின்னாடி குழாயாண்ட மூணு தபா எடுத்தேன். எம் பொண்ணு கட்டில்ல கெடக்கசொல்ல எனக்கு வாந்தின்னு யார்கிட்ட சொல்ல?" என்று சிரித்தார். சிரித்தார் கண்ணு. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அன்றைக்கு அவர் நின்றது அவமானத்தால் மட்டும் இல்லை. குமட்டலை அடக்கிக்கொண்டு நின்றிருக்கிறார்.

நான் விடவில்லை. ஏன் சொல்லவில்லை என்று மறுபடி கேட்டேன். கொஞ்ச நேரம் பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என் சோறு உங்க வூட்டுக்கு வருஷத்துக்கு ஒரு தபா வரும். வேணாம்னா போச்சு. உங்க கையால எம் பொண்ணு டெய்லி மூணு வேள துன்னணும். அந்தக் கையப் பார்த்து அவளுக்கு அருவருப்பு வந்துட்டா, அப்புறம் குடித்தனம் எப்டி நடக்கும்? அதான் போவட்டும்னு விட்டேன். ஆனா சம்பந்தி, வெரலு ஆற வரைக்கும் சோறு பெசையாதீங்க" என்றார். பிறகு என் விரலிலிருந்து எலுமிச்சம்பழத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு, "இதெல்லாம் வேலைக்காவாது" என்று சொல்லி, ஆட்டோ பிடித்து என்னை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். கீறிச் சுத்தம் செய்து கட்டுப் போடும்போது என் இடது கையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர்தான்.

பிழைத்த என் பேத்திக்காகக் கடவுளுக்கு நன்றி சொல்லி எத்தனை கோயிலில் தேங்காய் உடைத்திருக்கிறேன். சொல்ல வேண்டிய ஆளுக்கு இன்னும் சொல்லவில்லை. கவிதா, நீ இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாய் என்று தெரியும். பன்னிரண்டு வருஷம் என் கைச்சோற்றை நீ முகம் சுளிக்காமல் சாப்பிட்டாய். அது உன் அம்மா எனக்குப் போட்ட பிச்சை. இன்றைக்கு நீ முகம் சுளித்தாலும் நான் ஒன்றும் நினைக்க மாட்டேன். நான் மனதில் வைத்துக்கொள்ளாத முதல் விஷயம் அதுவாக இருக்கட்டும்.

புது வீட்டுச் சமையல்கட்டுக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். கையில் கீறலோ கொப்புளமோ இருந்தால் அது மகாராணியின் கையாக இருந்தாலும் அடுப்பங்கரைப் பக்கம் வர வேண்டாம். சோற்றைச் சுடச்சுடப் போடு, இல்லையென்றால் பரப்பி ஆற வைத்துச் சீக்கிரம் ஃபிரிட்ஜில் வை. இரண்டுங்கெட்டானாக அண்டாவில் மூடி வைக்காதே. மூக்கையும் நாக்கையும் நம்பாதே, அன்றைக்கு அவை இரண்டும் என் தயிர்சாதத்துக்குச் சர்டிபிகேட் கொடுத்தவை. அப்புறம், நீ சொல்லிவைத்த கேட்டரிங்காரனும் கையால்தான் பிசைவான். அவன் விரலை நீ பார்த்தாயா?

இதைப் படித்து முடித்ததும் போனை எடு. எனக்காக மன்னிப்புக் கேட்காதே, அது என் வேலை, கூடுவாஞ்சேரிக்கு நானே போய்க் கேட்பேன். நீ உனக்காக மட்டும் பேசு. "அத்தை, கிரகப்பிரவேசத்துக்குத் தேங்காய் சாதம் எடுத்துனு வாங்க" என்று சொல். பிஸ்கட் வேண்டாம் என்று சொல். இந்தத் தடவையும் "சரிங்க மாப்ள" என்றுதான் சொல்வார். ஆனால் அதை நீ ஸ்பீக்கரில் போடு. அந்த இரண்டு வார்த்தை வேறு மாதிரி எப்படிக் கேட்கும் என்று எனக்குத் தெரிய வேண்டும். பந்தியில் என் இலையை அவர் இலைக்குப் பக்கத்தில் போடு. முதல் கவளம் அவர் கொண்டு வந்ததிலிருந்துதான் எடுப்பேன்.

விரல் ஆறிவிட்டது. புது நகம் முளைத்திருக்கிறது.

அம்மா